அறுப்பின் பண்டிகை பிரியாணிக் கணக்கில் என்னைத் திருடி என்கிறார்கள். வாயைத் திறக்கவா, மூடவா?

ஈசூன் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக யாரிடமும் முழுதாகச் சொல்லாத விஷயம்.

போன மாதம் இங்கே சிங்கப்பூரில் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வழக்கம்போல ஏலம், கூடவே சாப்பாட்டுக் கடை. இந்த வருஷம் கடைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பிரியாணி 260 பொட்டலம், ஒன்று 6 வெள்ளி (டாலர்). வடை, கேசரி, பந்தோங் பானம் தனி. ரொக்கம் போட ஒரு பழைய மைலோ டின். கைபேசியில் பணம் அனுப்புகிற பேநவ்-வுக்குச் சபையின் கியூஆர் அட்டை இருந்தது, ஆனால் காலை மழையில் ஊறிப்போய் எந்தப் போனும் அதைப் படிக்க மாட்டேன் என்றது. வரிசை வாசல் வரைக்கும் போய்விட்டது. சரி என்று அட்டைப்பெட்டி மூடியில் என் கைபேசி எண்ணை மார்க்கரால் எழுதி ஒட்டினேன். அங்கேதான் பிடித்தது சனி. (சபைக்குப் போகிறவள் சொல்லக்கூடாத வார்த்தை. வேறு வார்த்தை வரவில்லை.)

மொத்த வசூல் 1,962 வெள்ளி. ரொக்கம் 1,088, அன்றே பொருளாளர் கையில் எண்ணிக் கொடுத்தேன். பேநவ்-வில் வந்தது 874. அதைச் சபைக் கணக்குக்கு மாற்ற எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம், வேலை முடிந்து நேராக அங்கே, அங்கிருந்து வீடு, தூக்கம். மறந்தே போனேன். அது என் தப்புதான்.

260 பொட்டலத்தில் விற்றது 208, அதாவது 1,248 வெள்ளி. மீதி 52, அதாவது 312 வெள்ளிக்கானது, இலவசமாகப் போனது. 40 பொட்டலம் மத்தியான ஆராதனைக்கு வருகிற தொழிலாளர் தங்கும் விடுதித் தம்பிகளுக்கு, பாஸ்டரே "கொடுத்திடுங்க சிஸ்டர்" என்றார். 12 பொட்டலம் ஒலிபெருக்கிப் பிள்ளைகளுக்கும் கழுவித் துடைக்க நின்றவர்களுக்கும். எதையும் எழுதி வைக்கவில்லை. யார் எழுதுவார்கள், கையெல்லாம் எண்ணெய்.

அடுத்த வாரம், இரவு 11.40க்கு, 84 பேர் இருக்கிற பெண்கள் ஐக்கிய வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்கா ஆகான் கதையைப் போட்டார். எரிகோவில் எடுக்கக்கூடாததை எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தானே, அந்த ஆகான். கீழே ஒரே ஒரு வரி: 260 x 6 = 1,560. என் பெயர் இல்லை. பெயர் தேவைப்படவும் இல்லை. பன்னிரண்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். யாரைப் பார்த்துக் கும்பிட்டார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. என் மகன் பிறந்தபோது நாற்பது நாள் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்தவர் இந்த அக்கா. அதுதான் தாங்கவில்லை.

பாஸ்டரிடம் போனேன். "நான் சொன்னேனா சிஸ்டர்? சொல்லியிருப்பேன். வளர்க்க வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். என் வீட்டுக்காரர், "312 வெள்ளிதானே, கட்டித் தொலை" என்கிறார். ஊரிலிருந்து அம்மா, "இயேசு வாயைத் திறந்தாரா? நீ மட்டும் ஏன் திறக்கிறாய்?" என்று கேட்கிறார்.

இரண்டு ஞாயிறு நான் சபைக்குப் போகவில்லை. போன வியாழன் ப்ளாக் கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது என் மகன், பதினாலு வயது, என் முகத்தைப் பார்க்காமல் லிஃப்ட் நம்பரையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "மா, நீங்க எடுத்தீங்களா?" வாலிபர் குழு வரைக்கும் போய்விட்டது போல. ஏழாவது மாடி வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

நான் என்ன செய்ய வேண்டும்?

---

சமாதானம்77:

யாத்திராகமம் 14:14 வாசியுங்கள் சிஸ்டர். கர்த்தர் யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருங்கள். ஜெபிக்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை:

சமாதானம் தம்பி, அடுத்த வசனத்தையும் வாசித்துவிடுங்கள். 14:15. என்னிடம் ஏன் முறையிடுகிறாய், ஜனங்களைப் புறப்படச் சொல் என்று கர்த்தர் மோசேயிடம் கேட்கிறார். 14ஆம் வசனத்தோடு புத்தகத்தை மூடிவைத்துச் சும்மா இருந்தவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

ஈசூன் அம்மா, நான் வேறொரு சபையில் பதினோரு வருஷம் பொருளாளராக இருந்து ஓய்ந்தவன். உங்கள் விஷயம் எனக்குப் புதிது இல்லை. முதலில் அந்த 312 வெள்ளியைக் கட்டாதீர்கள். கட்டினால் பிரச்சினை தீராது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாள் என்றுதான் ஆகும். 69ஆம் சங்கீதத்தில் தாவீது, நான் எடுத்துக்கொள்ளாததைக் கொடுக்க வேண்டியதாயிற்று என்று புலம்புகிறார். அது புலம்பல், பின்பற்றச் சொன்ன கட்டளை இல்லை.

பிறகு உங்கள் வங்கிச் செயலியில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் வரவுப் பட்டியலை இறக்குங்கள். பேநவ் ஒவ்வொன்றும் தேதியோடு, பெரும்பாலும் அனுப்பியவர் பெயரோடு வரும். எத்தனை வரவு, மொத்தம் எவ்வளவு என்று கூட்டி ஒரே தாளில் எழுதுங்கள். மற்றவர்கள் பெயரை மறைத்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், குழுவில் எல்லார் பெயரும் ஓட வேண்டாம். அந்தத் தாளில் முதல் வரி என்ன தெரியுமா? "874 வெள்ளியை மாற்ற ஒன்பது நாள் தாமதித்தேன், அது என் தவறு." அதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அடுத்தவர் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. தப்பு செய்து அடி வாங்கிப் பொறுத்துக்கொள்வதில் என்ன பெருமை என்று பேதுரு கேட்கிறார் (1 பேதுரு 2:20). அந்த ஒன்பது நாளும் இந்த 52 பொட்டலமும் வேறு வேறு. ஒன்றில் உங்கள் மேல் குற்றம் உண்டு, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் குழப்பினால் இரண்டிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது ஒரு குட்டு, கோபிக்காதீர்கள். சபைப் பணத்தை உங்கள் சொந்த எண்ணில் வாங்கியிருக்கவே கூடாது. எருசலேம் பரிசுத்தவான்களுக்குப் பணம் திரட்டியபோது பவுல் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடு, சபைகள் நியமித்த இன்னொரு சகோதரனையும் சேர்த்து அனுப்புகிறார். காரணத்தையும் சொல்கிறார்: கர்த்தருக்கு முன்பாக மட்டும் இல்லை, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்க வேண்டும் (2 கொரிந்தியர் 8:20, 21). பவுலுக்கே அந்தப் பயம் இருந்தது. நமக்கு இருக்க வேண்டாமா?

கடைசியாக, குழுவில் பதில் போடாதீர்கள். அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள், தனியாக. மத்தேயு 18இன் வரிசை அப்படித்தான்: முதலில் தனியே, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, அப்புறம்தான் சபை. அவர் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார் என்பதற்காக நீங்களும் தலைகீழாக நிற்க வேண்டியதில்லை.

---

பழைய சரித்திரம்:

உங்கள் அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில். இயேசு வாயைத் திறந்தார். யோவான் 18இல் பிரதான ஆசாரியன் விசாரிக்கும்போது, நான் வெளியரங்கமாகத்தான் பேசினேன், கேட்டவர்களிடம் விசாரியுங்கள் என்கிறார். சேவகன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். அதற்கும் சும்மா இருக்கவில்லை. நான் தகாததைப் பேசியிருந்தால் எது தகாதது என்று காட்டு, இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். திட்டவில்லை, சபிக்கவில்லை. கேட்டார். ஏரோதுவுக்கு முன்னால்தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஏனென்றால் ஏரோதுக்கு வேண்டியது வேடிக்கை. அவர் சிலுவைக்குப் போகவே வந்தவர், அந்த மௌனத்துக்கு ஒரு வேலை இருந்தது. நீங்கள் பிரியாணிக் கணக்கில் யாரையும் மீட்கப் போவதில்லை.

எனக்கு உங்களைப் பார்த்தால் அன்னாள்தான் ஞாபகம் வருகிறாள். சீலோவில் உதடு மட்டும் அசைய ஜெபிக்கிறாள், ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்கிறான். அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை அவள். மரியாதையாக "என் ஆண்டவனே" என்று கூப்பிட்டே, நான் குடிக்கவில்லை, மனவேதனையில் ஜெபித்தேன் என்கிறாள். நாலு வார்த்தை. ஏலி அங்கேயே மாறி ஆசீர்வதித்து அனுப்புகிறான்.

எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. நாலாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். அவர் அர்செனியுஸ் என்கிற ஆயரைக் கொன்று, மாந்திரீகம் செய்வதற்காக அவர் கையை வெட்டி வைத்திருக்கிறார் என்று எதிரிகள் கிளப்பிவிட்டார்கள். சாட்சியாக ஒரு காய்ந்த கையையே கொண்டுவந்து காட்டினார்கள். 335இல் தீரு நகரத்தில் சங்கம் கூடியது. அர்செனியுஸ் உயிரோடு ஒளிந்திருந்ததை அத்தனாசியுஸின் ஆட்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். சங்கத்தில் என்ன நடந்தது என்பதைப் பழைய சபை வரலாற்றாசிரியர்கள் இப்படிச் சொல்கிறார்கள்: அத்தனாசியுஸ் ஒருவரைப் போர்த்தி மூடிக் கூட்டிவந்தார். இவரைத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றார்கள். போர்வையை ஒரு பக்கம் தூக்கி ஒரு கையைக் காட்டினார். கொஞ்சம் நிறுத்தி, மறு கையையும் காட்டினார். மூன்றாவது கை எங்கிருந்து வெட்டினேன் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

இவ்வளவுக்குப் பிறகும் அதே சங்கம் வேறு குற்றங்களை வைத்து அவரைப் பதவியிறக்கியது. எகிப்தின் தானியக் கப்பல்களைத் தடுப்பேன் என்று மிரட்டினார் என்று ஒரு புதுப் புகாரும் பேரரசர் காதுக்குப் போக, ட்ரியர் நகரத்துக்கு நாடுகடத்தப்பட்டார். ஆதாரம் காட்டினால் எல்லாரும் நம்புவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். நம்ப விரும்புகிறவர்களுக்காகக் காட்டுங்கள். உங்கள் வீட்டில் பதினாலு வயதில் ஒருவன் இருக்கிறான்.

---

ஜூரோங் தம்பி:

அக்கா, உங்கள் விஷயம் சபைக்குள். வேலையிடத்தில் இப்படி மாட்டுகிறவர்களுக்காகவும் ஒரு வார்த்தை எழுதுகிறேன், நான் கிடங்கு வேலையில் பட்டவன். இங்கே சட்டப்படி முறையாக விசாரிக்காமல் ஒழுங்கீனம் என்று சொல்லி வேலையை விட்டுத் தூக்க முடியாது. விசாரணைக்காக நிறுத்தி வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் கூடாது, பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். அநியாயமாக நீக்கினால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் டாடெம் என்கிற முத்தரப்பு அமைப்பில் மனுப் போட வேண்டும். முதலில் சமரசம், அது நடக்காவிட்டால்தான் தீர்ப்பாயம், அங்கே வக்கீல் கிடையாது. நான் ஜெபத்தில் காத்திருக்கிறேன் என்று ஆறு வாரம் காத்திருந்தேன். கதவு மூடிவிட்டது. பவுல் இராயனிடம், அதாவது ரோமப் பேரரசரிடம், நியாயம் கேட்டு அபயமிட்டதும் ஜெபிக்கிற மனுஷன் செய்ததுதான் என்று அப்புறம்தான் உறைத்தது.

---

லூர்து மாதா கோவில் பக்கம்:

எங்கள் கத்தோலிக்க பைபிளில் தானியேல் புத்தகத்தில் 13ஆம் அதிகாரம் உண்டு, சூசன்னா கதை. இரண்டு மூப்பர் சேர்ந்து அவள்மேல் விபசாரப் பழி போடுகிறார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை, சத்தமாகக் கடவுளைக் கூப்பிடுகிறாள். ஆனால் அவளைக் காப்பாற்றியது தானியேல் கேட்ட ஒரு சின்னக் கேள்வி. இருவரையும் தனித்தனியாக நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தாய் என்றான். ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். உங்களுக்காகக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும், அக்கா. பழி சுமக்கிறவரே கேட்டால் சண்டையாகத்தான் தெரியும். கமிட்டியில் நிதானமான ஆள் யாராவது இருப்பாரே?

---

பெயர் வேண்டாம்:

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் அடுத்த பக்கத்தில் இருந்தவள். பழி போட்டவள்.

பல வருஷத்துக்கு முன் எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்மேல் சங்கிலித் திருட்டுப் பழி போட்டேன். அவளும் விசுவாசிதான், இரவில் அவள் மெதுவாகப் பாடுவது கேட்கும். "நான் எடுக்கலை மேடம்" என்று என் கண்ணைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னாள். "என் பெட்டியை நீங்களே திறந்து பாருங்க, ஆனா நான் பக்கத்துல நிக்கணும்" என்றாள். திறந்தேன். இரண்டு சட்டை, ஒரு பைபிள், அவள் பிள்ளையின் படம். மறுநாள் காலையில் என் பிள்ளைகளுக்கு எப்போதும்போல் பால் கலக்கினாள். அந்தப் பால் எனக்குக் கோபத்தைத்தான் மூட்டியது. ஏன் தெரியுமா? அதற்குள் நான் என் அக்கா தங்கைகள் எல்லாரிடமும் சொல்லிவிட்டிருந்தேன். அவள் எடுக்கவில்லை என்றால் நான் யார்?

எட்டு மாதம் கழித்து, துணி துவைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவர் கதவு ரப்பருக்குள் விரலை விட்டுச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதற்கு முன்பே வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் எண் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

2020 செப்டம்பரில் இங்கே உயர் நீதிமன்றம் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண்ணை விடுவித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். திருடியதாக 26 மாதம் சிறை என்று கீழ்க்கோர்ட்டு சொல்லியிருந்தது, கிட்டத்தட்ட நாலு வருஷம் போராடினார். முதலாளியை மன்னித்துவிட்டேன் என்றார், இனி வேறு யாருக்கும் இப்படிச் செய்யாதீர்கள் என்றும் சொன்னார். அன்று செய்தியைப் பார்க்க முடியாமல் தொலைக்காட்சியை அணைத்தேன்.

ஈசூன் அம்மா, அந்த அக்காவை எல்லாருக்கும் முன்னால் மடக்காதீர்கள். மடக்கினால் பொய்யையே இறுக்கிப் பிடித்துக்கொள்வார், நான் பிடித்ததுபோல். அவர் வெளியே வர ஒரு கதவைத் திறந்து வையுங்கள். அவருக்காக இல்லையென்றாலும், அந்தப் பத்தியக் குழம்புக்காக.

---

ஈசூன் அம்மா:

எல்லாருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் அக்கா, உங்கள் பதிவை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை உங்கள்மேல் கோபம்தான் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வரவுப் பட்டியலை எடுத்தேன். 61 பேநவ், சரியாக 874. மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் வாசிக்க வாசிக்க அவன் கால்குலேட்டரில் தட்டினான். முதல் தடவை 868 வந்தது. வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு வரியை விட்டிருந்தான். முடிந்ததும் அவன் ஒன்றும் சொல்லவில்லை, "டின்னர் என்ன மா" என்றான்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

---

ஈசூன் அம்மா (பன்னிரண்டு நாள் கழித்து):

கேட்டவர்களுக்காக. அக்கா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பி வழியாகத் தாளை வாங்கிக்கொண்டு, "பார்க்கிறேன்" என்றார். உள்ளே மீன் பொரிக்கிற வாசனை. நான் ஒன்றே ஒன்று சொன்னேன்: "அக்கா, ஒன்பது நாள் தாமதம் என் தப்பு. காசு நான் எடுக்கலை." வேறு எதுவும் சொல்ல நாக்கு எழும்பவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

புதன்கிழமை கமிட்டி. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னபடி தாமதத்தை முதலில் சொன்னேன். கமிட்டியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் கேள்வி கேட்டார். 52 பொட்டலத்துக்கு என்ன சாட்சி என்றார். விடுதித் தம்பிகளில் ஒருவர் அன்று சபைப் படிக்கட்டில் எடுத்த குழுப்படத்தை அனுப்பியிருந்தார், அதைக் காட்டினேன். எல்லாரும் தலையை எண்ணினார்கள். கையில் பொட்டலத்தோடு 37 பேர். இடது ஓரத்தில் ஆள் தெரியாமல் ஒரு கை மட்டும் பொட்டலத்தை நீட்டுகிறது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தார், பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் கைதான்" என்றார். பழைய சரித்திரம் அண்ணனை நினைத்துக்கொண்டேன், சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

மீதி மூன்று தம்பிகள் படத்தில் இல்லை. அந்த 18 வெள்ளியை நானே போட்டுவிடுகிறேன் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

கணக்கு சரி என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். ஒன்பது நாள் தாமதத்தையும் எழுதினார்கள். அது இருக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன், ஆனாலும் எழுதும்போது பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இனிமேல் பண்டிகைப் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், கியூஆர் அட்டையை லாமினேட் செய்ய வேண்டும்.

அன்று இரவே அக்கா குழுவில், "கமிட்டி கணக்கைப் பார்த்து விட்டது, சரியாக உள்ளது" என்று போட்டார். அவ்வளவுதான். ஆகான் இன்னும் மேலே அப்படியே இருக்கிறான், அழிக்கவில்லை. 84 பேரில் மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஆகானுக்குப் பன்னிரண்டு கும்பிடு.

போன ஞாயிறு சபைக்குப் போனேன். அவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால். திரும்பவில்லை. வருகிற ஞாயிறு திருவிருந்து. அதற்குள் இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறார் என் வீட்டுக்காரர், 312ஐக் கட்டித் தொலை என்ற அதே ஆள். மனசு வரவில்லை, ஆனாலும் நாளை சாயங்காலம் வேலை முடிந்து போகிறேன். இந்த முறை கையில் தாள் எதுவும் கொண்டு போகவில்லை.